ஓநாயைத் தேடிய நாள்களில் ஒரு நல்ல ஆயன்

பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறை நாம் நல்லாயன் ஞாயிறாகக் கொண்டாடுகின்றோம். ஓநாய் வருவதைக் கண்டதும் ஆடுகளை விட்டுவிட்டு ஓடிப்போகும் கூலியாளைப் பற்றியும், ஆடுகளுக்காகத் தம் உயிரையே கொடுக்கும் நல்ல ஆயரைப் பற்றியும் யோவான் நற்செய்தி 10-ஆம் பிரிவில் இயேசு சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கின்றோம். அதைக் கேட்கும்போது ஓநாய் எது, ஆடு எது என்ற சந்தேகம் நமக்கு எழுவதே இல்லை. ஆனால் திருச்சபையின் வரலாற்றில் ஒரு காலம் இருந்தது. கிறிஸ்தவர்களே தம் அண்டை வீட்டாரை ஓநாய் என்றும், சூனியக்காரி என்றும் குற்றம் சாட்டி, தீயில் எரித்த காலம் அது. அந்நாள்களில், எரிக்கப்பட இருந்தவர்களின் அருகே அமர்ந்து, அவர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட குரு ஒருவர் இருந்தார். இயேசு சபையைச் சேர்ந்த அருள்பணி பிரீட்ரிக் ஸ்பே என்ற அந்தக் குருவின் வாழ்வை இன்று நாம் சிந்திப்போம்.

பெட்பர்க் ஊரின் ஓநாய்

அருள்பணி ஸ்பே பிறப்பதற்கு ஏறக்குறைய ஓராண்டும் நான்கு மாதங்களும் முன்பு நடந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம். ஜெர்மனியில் கொலோன் நகருக்கு வடமேற்கே பெட்பர்க் என்ற சிற்றூர் உள்ளது. 1583 முதல் 1588 வரை நடந்த கொலோன் போரில் அப்பகுதி சீரழிந்து கிடந்தது. கூலிப்படையினர் கிராமங்களைச் சூறையாடினர். குழந்தைகள் காணாமற்போயினர், கால்நடைகள் குதறப்பட்டுக் கிடந்தன. ஓநாய் ஒன்று மனித உருவில் ஊருக்குள் உலவுகிறது என்ற பேச்சு பரவியது. இறுதியில் பீட்டர் ஸ்டும்ப் என்ற விவசாயியைப் பிடித்தனர்.

சித்திரவதைக் கருவியைக் கண்டு அஞ்சிய அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அலகை தமக்கு ஓர் அரைக்கச்சையைக் கொடுத்தது என்றும், அதை அணிந்ததும் ஓநாயாக மாறிவிடுவதாகவும், 13 குழந்தைகளையும் 2 கர்ப்பிணிப் பெண்களையும் கொன்றதாகவும் அவர் சொன்னதாக எழுதிவைத்தனர். அந்தக் கச்சையை எங்கே எறிந்தார் என்று கேட்டு, அவர் சொன்ன இடத்தில் தேடினர். அங்கே எதுவும் கிடைக்கவில்லை. கச்சை கிடைக்காததால் அவர் சொன்னது பொய்யாக இருக்கலாமே என்று யாரும் எண்ணவில்லை. மாறாக, அலகையே வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று முடிவு செய்தனர். 1589-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று அவர் சக்கரத்தில் கட்டி வதைக்கப்பட்டு, தலை வெட்டப்பட்டு, எரிக்கப்பட்டார். அவருடைய மகளும், அவரோடு உறவு கொண்டிருந்த ஒரு பெண்ணும் அவரோடு எரிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டே இச்செய்தி இலண்டனில் சிறு நூலாக அச்சிடப்பட்டு விற்பனையானது.

அந்தக் கிடைக்காத கச்சையை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். சான்று இருந்தால் குற்றவாளி. சான்று இல்லையென்றால் அலகையின் துணை உள்ள குற்றவாளி. ஸ்பே பின்னாளில் எழுதிய நூல் முழுவதும் இந்த ஒரு கொடுமையைத்தான் எதிர்த்தது.

மனிதர் ஓநாயாக மாறுவர் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் மிகப் பழையது. ரைன் ஆற்றங்கரைக் கிராமங்களில், இரவில் தனியே நடப்பவரின் முதுகில் தாவி ஏறி, தன்னைச் சுமக்கச் செய்யும் மனித ஓநாயைப் பற்றிய கதைகள் பல தலைமுறைகளாகச் சொல்லப்பட்டன. ஆனால் திருச்சபையின் பழைய ஆசிரியர்கள் இதை உண்மையென்று ஏற்கவில்லை. அலகையால் மனித உடலை உண்மையில் விலங்காக மாற்ற முடியாது, மயக்கத்தையும் பொய்த்தோற்றத்தையும் மட்டுமே உண்டாக்க முடியும் என்று புனித அகுஸ்தினார் கடவுளின் நகர் என்ற நூலில் விளக்கினார். ஏறக்குறைய 906-ஆம் ஆண்டில் டிரியர் நகரில் ரெஜினோ என்ற துறவு மடத் தலைவர் திருச்சபைச் சட்டங்களைத் தொகுத்தார். படைத்தவராகிய கடவுளைத் தவிர வேறு எவராலும் ஓர் உயிரை மற்றோர் உயிராக மாற்ற முடியும் என்று நம்புவதே விசுவாசத்துக்கு எதிரானது என்று அத்தொகுப்பில் உள்ள ஒரு சட்டம் கூறியது.

பிற்காலத்தில் இந்தத் தெளிவு மங்கிவிட்டது. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் கொள்ளைநோய், பஞ்சம், மதப்போர் ஆகியவற்றால் அலைக்கழிந்த மக்கள், தங்கள் துன்பத்துக்கு அலகையோடு உடன்படிக்கை செய்தவர்களே காரணம் என்று நம்பத் தொடங்கினர். படித்தவர்களும் அதற்கு ஆதரவாக நூல்கள் எழுதினர். பிரான்சுக்கு அருகே டோல் நகரில் கில் கார்னியே என்பவர் மனித ஓநாய் என்று தீர்ப்பிடப்பட்டு 1574-இல் எரிக்கப்பட்டார். எல்லா நீதிமன்றங்களும் அப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1603-இல் தன்னை ஓநாய் என்று சொல்லிக்கொண்ட ஜான் கிரெனியே என்ற சிறுவனைப் போர்தோ நகரின் உயர் நீதிமன்றம் கொல்லவில்லை. அவனுடைய அறிவு வளர்ச்சியின்மையைக் கருதி, அவனை ஒரு துறவு மடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆணையிட்டது. இரக்கத்துக்கு வழி அப்போதும் இருந்தது. ஆனால் அதைத் தேடியவர்கள் குறைவு.

ஓநாய் வழக்குகள் எண்ணிக்கையில் சிறியவை. அதே நம்பிக்கையாலும் அதே விசாரணை முறையாலும் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் ஐரோப்பா முழுவதிலும் ஏறக்குறைய 40,000 முதல் 60,000 பேர் என்று வரலாற்று அறிஞர்கள் கணிக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் இறந்தவர்கள். கத்தோலிக்கரும், பிரிந்த சபையினரும் இருதரப்பாரும் இதில் ஈடுபட்டனர். ஆயர்களே அரசர்களாகவும் ஆண்ட சில பகுதிகளில் இது மிகக் கொடியதாக இருந்தது என்பதை வெட்கத்தோடு ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்தியாவுக்கு வர விரும்பிய இளைஞர்

பிரீட்ரிக் ஸ்பே 1591-ஆம் ஆண்டு பிப்ரவரி 25 அன்று ரைன் ஆற்றங்கரையில் உள்ள கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் பிறந்தார். இன்று அது டுசல்டார்ஃப் நகரின் ஒரு பகுதி. ஸ்டும்ப் எரிக்கப்பட்ட பெட்பர்க் அங்கிருந்து ஒரு நாள் நடைத் தொலைவுதான். அவருடைய தந்தை கொலோன் பேராயரின் கீழ் அவ்வூர்க் கோட்டையின் அதிகாரியாகப் பணியாற்றினார். கொலோனில் இயேசு சபையாரின் பள்ளியில் பயின்ற ஸ்பே, 1610-இல் தம் 19-ஆம் வயதில் டிரியர் நகரில் இயேசு சபையில் சேர்ந்தார். பின்னர் வூர்ஸ்பர்க் நகரில் மெய்யியல் கற்றார். ஸ்பையர், வோர்ம்ஸ் ஆகிய நகர்களில் பள்ளி ஆசிரியராகப் பணிசெய்தார்.

இந்த இளம் துறவிக்கு ஓர் ஆசை இருந்தது. புனித பிரான்சிஸ் சவேரியாரைப் போல இந்தியாவுக்கு வந்து மறைபரப்புப் பணியாற்ற வேண்டும் என்று அவர் ஏங்கினார். 1617-இல் உரோமையில் இருந்த சபைத் தலைவர் விட்டெலெஸ்கிக்கு அதற்காக விண்ணப்பம் எழுதினார். முத்துக்குளித்துறை மக்களிடையே சவேரியார் ஆற்றிய பணியை ஐரோப்பிய இளைஞர்கள் ஆர்வத்தோடு படித்துவந்த காலம் அது. அந்த ஆண்டில் தத்துவ போதகர் என்று நாம் அழைக்கும் இராபர்ட் தெ நொபிலி மதுரையில் பணியாற்றிக்கொண்டிருந்தார். ஸ்பேயின் விண்ணப்பம் ஏற்கப்பட்டிருந்தால், நம் முன்னோர்கள் அவரைப் பார்த்திருக்கவும் கூடும். ஆனால் சபைத் தலைவர் இசையவில்லை. ஸ்பே ஜெர்மனியிலேயே இருந்து பணியாற்ற வேண்டும் என்று பதில் வந்தது.

ஸ்பே கீழ்ப்படிந்தார். மைன்ஸ் நகரில் இறையியல் பயின்று 1622-இல் குருவாக அருள்பொழிவு பெற்றார். 1623-இல் பாடர்போர்ன் நகரில் பேராசிரியரானார். அவர் சிறந்த கவிஞரும்கூட. மக்கள் வழிபாட்டில் பாடுவதற்கென்று ஜெர்மன் மொழியில் எளிய பாடல்கள் எழுதினார். மீட்பரே, வானங்களைத் திறந்து வாரும் என்று ஏங்கி அழைக்கும் அவருடைய திருவருகைக்காலப் பாடல் 1622-இல் வெளிவந்தது. ஜெர்மனியில் கத்தோலிக்கரும் பிரிந்த சபையினரும் இன்றுவரை அதைப் பாடுகின்றனர். கொலோனில் இறைப்பற்றுள்ள பெண்களின் ஆன்ம வளர்ச்சிக்காக அவர் எழுதிய பயிற்சிகள் பின்னாளில் நூலாக வெளிவந்து, லைப்னிட்ஸ் என்ற பெரும் மெய்யியலாளரின் பாராட்டைப் பெற்றன.

கடல் கடந்து சென்று துன்புற நினைத்தவருக்குத் துன்பம் சொந்த நாட்டிலேயே காத்திருந்தது.

தீயின் அருகே ஓர் ஆன்ம குரு

1626 முதல் 1631 வரையிலான ஆண்டுகள் ஜெர்மனியில் சூனிய வேட்டையின் மிகக் கொடிய ஆண்டுகள். வூர்ஸ்பர்க்கிலும் பாம்பெர்க்கிலும் நூற்றுக்கணக்கானோர் எரிக்கப்பட்டனர். பாம்பெர்க் நகரத் தலைவர்களுள் ஒருவரான யோகான்னஸ் யூனியுஸ் 1628-இல் கொல்லப்படுவதற்கு முன், நசுங்கிய கைகளால் தம் மகளுக்கு இரகசியமாக ஒரு கடிதம் எழுதினார். தாம் ஒப்புக்கொண்டவை அனைத்தும் சித்திரவதை தாங்க முடியாமல் கற்பனையாகச் சொன்ன பொய் என்று அதில் மகளுக்குத் தெரிவித்தார். கொலோனில் அஞ்சல் நிலையம் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த கத்தரீனா ஹேனோட் மூன்று முறை சித்திரவதை செய்யப்பட்டும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் 1627 மே மாதம் அவரும் கொல்லப்பட்டார்.

இத்தகைய வழக்குகளில் தீர்ப்புப் பெற்றவர்களுக்கு ஒப்புரவு அருளடையாளம் அளிக்கவும், தீ மூட்டப்படும் இடம்வரை உடன் செல்லவும் குருக்கள் அனுப்பப்பட்டனர். ஸ்பே அப்பணியைச் செய்தார். எந்த நகரில், எத்தனை பேருக்குச் செய்தார் என்பதைப் பற்றி அறிஞர்களிடையே வேறுபட்ட கருத்துகள் உண்டு. ஆனால் அவர் அப்பணியிலிருந்து கண்டறிந்ததைத் தம் நூலில் தெளிவாகவே எழுதினார். தாம் உடன் சென்றவர்களுள் ஒருவரைக்கூடக் குற்றவாளி என்று தம் மனச்சான்று ஏற்க முடியவில்லை என்பதே அது.

நாம் ஒரு நிமிடம் இங்கே நின்று சிந்திப்போம். மற்ற குருக்களும் அதே சிறைக்குத்தான் சென்றார்கள். அதே பெண்களின் கண்ணீரைத்தான் பார்த்தார்கள். ஆனால் பலர், அந்தப் பெண்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் சென்றார்கள். தாம் குற்றமற்றவர் என்று ஒருவர் சொன்னால் அதைக் கேட்கவும் மறுத்தனர்; மனம் திருந்தாதவர் என்று கடிந்துகொண்டனர். ஸ்பே வேறு எதையும் பெரிதாகச் செய்யவில்லை. அவர்கள் பேசுவதைக் கேட்டார். கேட்டதை நம்பலாமா என்று தமக்குள் ஆராய்ந்தார்.

அவருடைய தலைமுடி வயதுக்கு முன்பே நரைத்துவிட்டது என்று சொல்வார்கள். யோகான் பிலிப் ஷான்போர்ன் என்ற இளம் குரு அதன் காரணத்தைக் கேட்டபோது, குற்றமற்ற பலரைத் தீக்கு அழைத்துச் சென்ற துயரத்தால் நரைத்தது என்று ஸ்பே கூறினாராம். பிற்காலத்தில் மைன்ஸ் பேராயரான ஷான்போர்ன் இதை லைப்னிட்ஸிடம் சொல்ல, லைப்னிட்ஸ் 1710-இல் வெளியிட்ட தம் நூலில் இதைக் குறிப்பிட்டார்.

காயம்பட்ட ஆயன்

1628-இல் ஸ்பே வடஜெர்மனியில் உள்ள பைனே என்ற பகுதிக்கு அனுப்பப்பட்டார். பிரிந்த சபையைச் சேர்ந்த மக்களை மீண்டும் கத்தோலிக்கத் திருச்சபைக்குக் கொண்டுவருவது அவருக்கு இடப்பட்ட பணி. முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அங்கே அவருக்குப் பகைவர்கள் உண்டானதில் வியப்பில்லை. 1629 ஏப்ரல் 29, ஞாயிற்றுக்கிழமை. வோல்டோர்ஃப் என்ற கிராமத்துக்குத் திருப்பலி நிறைவேற்றத் தனியே குதிரையில் சென்றவரை வழியில் ஒருவன் தாக்கினான். தலையில் பலத்த காயங்களோடு அவர் அந்தக் கோயிலை அடைந்தார்.

அன்றைய திருவழிபாட்டு முறைப்படி அந்த ஞாயிறுதான் நல்லாயன் ஞாயிறு. இரத்தம் வடிய நின்ற அந்தக் குரு, ஓநாயைக் கண்டு ஓடாத ஆயரைப் பற்றிய நற்செய்தியை மக்களுக்கு எடுத்துரைக்க முயன்றார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகின்றனர். அவர் பிழைத்தார். பல வாரங்கள் அமைதியான ஓரிடத்தில் தங்கி உடல்நலம் தேறினார். ஆனால் அக்காயங்களின் வேதனை இறுதிவரை அவரை விடவில்லை.

அதே ஆண்டில் மீண்டும் பாடர்போர்னுக்குச் சென்று அறநெறி இறையியல் கற்பித்தார். வகுப்பறையில் அவர் சொன்ன கருத்துகள் மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. 1631 தொடக்கத்தில் அவருடைய பேராசிரியர் பதவி பறிக்கப்பட்டது. சில மாதங்களில் ஒரு நூல் வெளிவந்தது.

பெயரில்லாமல் வந்த நூல்

காவுட்சியோ கிரிமினாலிஸ் என்பது அந்த இலத்தீன் நூலின் பெயர். குற்ற வழக்குகளில் கவனம் தேவை என்பது அதன் பொருள். 1631-இல் ரிண்டெல்ன் என்ற பிரிந்த சபையினரின் நகரில் அது அச்சிடப்பட்டது. ஆசிரியர் பெயர் இல்லை. பெயர் அறியப்படாத ஒரு கத்தோலிக்க இறையியலார் என்று மட்டும் இருந்தது.

பெயரை மறைத்ததற்குக் காரணம் உண்டு. சூனிய வழக்குகளைக் குறைகூறியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது டிரியரில் பயின்ற எவருக்கும் தெரியும். அந்நகரில் நீதிபதியாகவும் பல்கலைக்கழகத் தலைவராகவும் இருந்த டீட்ரிக் ஃப்ளாடே, தீர்ப்பு வழங்கத் தயங்கியதால் தாமே குற்றம் சாட்டப்பட்டு, பெட்பர்க் நிகழ்ச்சிக்குச் சில வாரங்களுக்கு முன் 1589 செப்டம்பரில் கொல்லப்பட்டார். கொர்னேலியுஸ் லோஸ் என்ற குரு இவ்வழக்குகளை எதிர்த்து எழுதிய நூல் அச்சில் இருக்கும்போதே பறிமுதல் செய்யப்பட்டது. அவரும் சிறைவைக்கப்பட்டு, தம் கருத்துகளை மறுத்துரைக்கும்படி செய்யப்பட்டார்.

ஸ்பேயின் நூல் 51 கேள்விகளும் அவற்றுக்கான பதில்களுமாக அமைந்தது. சூனியக்காரர்கள் உண்மையில் உண்டா என்பது முதல் கேள்வி. உண்டு என்றே அவர் பதில் அளித்தார். அவர் தம் காலத்து மனிதர். அலகையின் செயலை அவர் மறுக்கவில்லை. ஆனால் அடுத்து அவர் கேட்டதுதான் நாட்டையே உலுக்கியது. நீங்கள் எரிப்பவர்கள் அவர்கள்தாம் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? சித்திரவதையால் தெரியும் என்றால், சித்திரவதையால் யாரை வேண்டுமானாலும் சூனியக்காரர் ஆக்கலாமே! என்னையும் உங்களையும் ஆயர்களையும் அதே கருவியில் கட்டினால் நாமும் ஒப்புக்கொள்வோமே! இப்பொருள்பட அவர் வாதிட்டார்.

குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண் தப்பவே முடியாதபடி எல்லா வழிகளும் அடைக்கப்பட்டிருப்பதை அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். அவள் கெட்ட பெயர் எடுத்தவள் என்றால் அதுவே சான்று. நல்ல பெயர் எடுத்தவள் என்றால், சூனியக்காரிகள் இப்படித்தான் பக்தி வேடம் போடுவார்கள் என்பார்கள். கைதானதும் நடுங்கினால் குற்ற உணர்வு. நடுங்காவிட்டால் அலகை தரும் துணிவு. வேதனை தாங்காமல் ஒப்புக்கொண்டால் எரிப்பார்கள். தாங்கிக்கொண்டு மறுத்தால், அலகை அவள் வாயைக் கட்டிவிட்டது என்று சொல்லி மீண்டும் வதைப்பார்கள். வேதனையிலேயே இறந்துபோனால் அலகை கழுத்தை முறித்துவிட்டது என்பார்கள். அன்று பெட்பர்க்கில் கிடைக்காத கச்சையை எடுத்துச் சென்ற அதே அலகைதான் எல்லா இடங்களிலும் நீதிபதிக்கு உதவிக்கு வந்தது!

உடன் சென்றவர்கள் யார் யார் என்று வதைத்துக் கேட்பதால், ஒருத்தி பத்துப் பேரைச் சொல்கிறாள். அந்தப் பத்துப் பேர் நூறு பேரைச் சொல்கிறார்கள். இப்படியே போனால் நாட்டில் யாரும் மிஞ்சமாட்டார்கள் என்று எச்சரித்தார். எத்தனை தலைகளோ அத்தனை கூலி என்று சில விசாரணை அதிகாரிகள் பணம் பெறுவதைக் கண்டித்தார். குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட வழக்கறிஞர் வேண்டும் என்று கேட்டார். வழக்கை அதிகாரிகளிடம் விட்டுவிட்டு, தமக்குப் பொறுப்பில்லை என்று இருக்கும் அரசர்களும் ஆயர்களும் கடவுளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றார். மத்தேயு நற்செய்தி 13-ஆம் பிரிவில் வரும் கோதுமையும் களைகளும் உவமையை நினைவூட்டினார். களையோடு கோதுமையும் பிடுங்கப்படும் ஆபத்து இருந்தால், அறுவடைவரை இரண்டையும் வளரவிடுங்கள் என்று வீட்டு உரிமையாளர் சொன்னது இதற்குத்தானே என்று கேட்டார். இறுதியாக, சித்திரவதையையே ஒழிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

இவ்வாறு எழுதியதில் அவர் முற்றிலும் தனியாள் அல்லர். ஆதாம் டானர் என்ற மற்றோர் இயேசு சபை இறையியலார் சில ஆண்டுகளுக்கு முன்பே இவ்வழக்குகளில் நிதானம் தேவை என்று எழுதியிருந்தார். ஸ்பே அவரைப் பலமுறை எடுத்துக்காட்டினார். ஆனால் இவ்வளவு தெளிவாக, இவ்வளவு நெஞ்சுருக எழுதியவர் வேறு யாருமில்லை.

நூலை எழுதியவர் யார் என்பது விரைவில் தெரிந்துவிட்டது. ஒரு துணை ஆயர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். தம் சபையினரிலேயே சிலர் அவர்மீது சினம்கொண்டனர். 1632-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, அவரைச் சபையிலிருந்து நீக்க வேண்டும் என்ற நிலைகூட உருவானது. ஆனால் அவருடைய மாநிலத் தலைவரான அருள்பணி கோஸ்வின் நிக்கல் அவரைக் கைவிடவில்லை. எதிரிகளின் கண்ணில் படாதபடி டிரியர் நகருக்கு மாற்றி அனுப்பினார். இந்த நிக்கல் பின்னாளில் இயேசு சபை முழுவதற்கும் தலைவரானார். ஓர் இறைவாக்கினரைப் பின்நின்று காப்பாற்றுவதும் ஓர் அழைத்தல்தான் என்பதை அவரிடம் காண்கின்றோம்.

இறுதி நாள்கள்

டிரியரில் ஸ்பே அமைதியாக இறையியல் கற்பித்தார். போர் அங்கேயும் வந்தது. 1635 மார்ச் மாதத்தில் பேரரசரின் படைகளும் ஸ்பெயின் படைகளும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நகரைக் கைப்பற்றின. தெருக்களில் சண்டை நடந்தபோது ஸ்பே காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்றார். இறப்பவர்களுக்கு அருளடையாளங்களை வழங்கினார். கைதான பிரெஞ்சு வீரர்களுக்காகப் பரிந்து பேசினார். பின்னர் மருத்துவமனைகளில் கொள்ளைநோய் பரவியது. நோயாளிகளைப் பேணிய அவரையும் அது தொற்றியது. 1635 ஆகஸ்ட் 7 அன்று, தம் 44-ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். டிரியரில் உள்ள இயேசு சபைக் கோயிலின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறை எது என்பதே பின்னர் மறந்துபோனது. 1980-இல்தான் அது மீண்டும் கண்டறியப்பட்டது.

அவருடைய நூலோ மறையவில்லை. அது ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டது. நரைமுடியின் காரணம் கேட்ட ஷான்போர்ன், ஆயராகவும் பேராயராகவும் ஆனபின் தம் ஆட்சிப் பகுதிகளில் சூனிய வழக்குகளை நிறுத்தினார். 1701-இல் இவ்வழக்குகளை எதிர்த்து எழுதிய பிரிந்த சபைச் சட்ட அறிஞர் கிறிஸ்டியான் தொமாசியுஸ், ஸ்பேயின் நூலை ஆதாரமாகக் கொண்டார். பிரிந்தவர்களை மீட்டெடுக்க அனுப்பப்பட்டு, தலையில் அடிபட்டுத் திரும்பியவரின் நூல், இறுதியில் இரு தரப்பாரும் மதிக்கும் நூலானது.

நமக்கு ஒரு கேள்வி

திருச்சபை இந்த வரலாற்றை மறைக்கவில்லை. 2000-ஆம் ஆண்டு யூபிலியின்போது மார்ச் 12 அன்று, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவர்கள், உண்மையைக் காப்பதாக எண்ணித் திருச்சபையின் மக்கள் செய்த வன்முறைகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2298-ஆம் எண்ணில், பழங்காலத்தில் சித்திரவதை வழக்கில் இருந்தபோது திருச்சபையின் மேய்ப்பர்கள் பலமுறை அதை எதிர்க்காமல் இருந்ததையும், தங்கள் நீதிமன்றங்களிலும் அதை ஏற்றுக்கொண்டதையும் ஒளிவின்றிக் கூறுகிறது. கத்தரீனா ஹேனோட் உள்ளிட்டோர் குற்றமற்றவர்கள் என்று கொலோன் நகர மன்றம் 2012-இல் அறிவித்தது. அவர் கொல்லப்பட்டு 385 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவை எல்லாம் எங்கோ, எப்போதோ நடந்தவை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் நாட்டில் பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரை குத்தித் தாக்குவதைத் தடுக்கப் பீகார் மாநிலம் 1999-இலும், ஜார்க்கண்ட் மாநிலம் 2001-இலும் தனிச் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்தது. குழந்தையைக் கடத்த வந்தவர் என்று யாரோ அனுப்பிய ஒரு கைப்பேசிச் செய்தியை நம்பி, வழிப்போக்கர்களை அடித்துக் கொன்ற செய்திகளையும் நாம் படித்திருக்கின்றோம். நம் பங்கிலும், நம் தெருவிலும்கூட இது சிறிய அளவில் நடக்கத்தான் செய்கிறது. ஒருவரைப் பற்றி ஒரு பேச்சு கிளம்புகிறது. அவர் பதில் சொன்னால் திமிர் என்கிறோம். பேசாமல் இருந்தால் உண்மை என்பதால்தான் வாயைத் திறக்கவில்லை என்கிறோம். கோயிலுக்கு வந்தால் நடிப்பு. வராவிட்டால் குற்ற உணர்வு. கிடைக்காத கச்சையை நாமும் தேடிக்கொண்டுதான் இருக்கின்றோம்.

ரைன் கரைக் கதைகளில் ஓநாய் வழிப்போக்கரின் முதுகில் ஏறிக்கொள்கிறது என்று பார்த்தோம். உண்மையில் அந்த மக்களின் முதுகில் ஏறியிருந்தது அச்சம்தான். அச்சத்தைச் சுமப்பவருக்கு எதிரே வரும் எவரும் ஓநாயாகவே தெரிவார்.

அருள்பணி ஸ்பே பீடத்தில் வைத்து வணங்கப்படும் புனிதர் அல்லர். அவர் தம் காலத்து நம்பிக்கைகள் எல்லாவற்றையும் கடந்தவரும் அல்லர். ஆனால் எல்லாரும் ஓநாய் என்று சுட்டிக்காட்டிய இடத்தில், அவர் காயம்பட்ட ஆடுகளைக் கண்டார். காரணம், அவர் அவர்கள் அருகே சென்றார், அவர்களைப் பேசவிட்டார், கேட்டதை மறைக்காமல் உரக்கச் சொன்னார். அதற்கான விலையையும் கொடுத்தார்.

இவ்வாரம் யாரைப் பற்றியாவது ஒரு கெட்ட செய்தி நம் காதுக்கு வந்தால், அதை அடுத்தவருக்குச் சொல்வதற்கு முன், சம்பந்தப்பட்டவரிடம் ஒருமுறை அமர்ந்து பேசியிருக்கின்றோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். தம் ஆடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கும் நல்லாயனாம் இயேசு, கேட்கும் செவிகளையும், கேட்டதற்காகத் துணிந்து நிற்கும் இதயத்தையும் நமக்குத் தருவாராக.